வெள்ளோட்டமும் தேரோட்டமும்: இந்திய மருத்துவக் காப்பீட்டு முன்னோட்டத் திட்டங்களின் நிதி வரலாறு

முன்னுரை

புதிதாகச் செய்த தேரையோ மரக்கலத்தையோ முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதைத் தமிழில் வெள்ளோட்டம் என்பர். தேர் வெள்ளோட்டத்தன்று பொதுவாக உற்சவமூர்த்தி எழுந்தருளுவதில்லை. அச்சும் சக்கரமும் பளுவைத் தாங்குகின்றனவா, வீதிமுனையில் தேர் திரும்புகிறதா என்பனவே அன்று பார்க்கப்படும். குறை காணப்படின் தேரோட்டத்திற்கு முன் அது சரிசெய்யப்படும். அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதுவோர் இன்று பெரும்பாலும் முன்னோட்டத் திட்டம், முன்னோடித் திட்டம் என்னும் தொடர்களையே ஆளுகின்றனர். இவ்விரண்டும் ஒரே பொருளைத் தருவன அல்ல. முன்னோட்டம் என்பதில் சோதனைப் பொருள் உண்டு. முன்னோடி என்பதிலோ முன்னே செல்லுதல் என்னும் பொருள் மட்டுமே உண்டு. பின்னே வருவது உறுதி என்னும் எண்ணமும் அதில் தொக்கி நிற்கிறது. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்திற்கென நடத்தப்பெற்ற முன்னோட்டங்கள் இவ்விரு பொருள்களுள் எதற்கு உரியவை என்பதை அவற்றின் நிதி வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை இவ்வாய்விற்கு இன்றியமையாத பின்புலமாகும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. காப்பீடு ஒன்றியப் பட்டியலில் உள்ளது. சமூகக் காப்பீடு பொதுப் பட்டியலில் உள்ளது. ஆகவே நோயுற்ற ஒருவரின் மருத்துவச் செலவைக் காப்பீட்டின்வழி ஏற்பதென்னும் செயல் மூன்று பட்டியல்களையும் தொட்டுச் செல்கிறது. மருத்துவமனை மாநிலத்தினுடையது, காப்பீட்டுச் சட்டம் ஒன்றியத்தினுடையது, பணம் இருவருடையதுமாகவோ மூன்றாமவருடையதாகவோ இருக்கலாம். எனவே புதிய திட்டம் எதுவாயினும் ஒரு மாநிலத்தின் ஒரு பகுதியில் தொடங்க வேண்டிய தேவை அரசியலமைப்பிலேயே பொதிந்துள்ளது எனலாம். அவ்வாறு தொடங்கும்போது முதற்பகுதியின் செலவை யார் ஏற்றனர், அதன் பயனை அளக்கும் ஆய்வுக்கு யார் பணம் தந்தனர், ஆய்வின் முடிவு எப்போது வந்தது ஆகிய மூன்று வினாக்களும் இங்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

புள்ளிவிவரங்கள் இல்லாக் காலம்

1927-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நோய்க்காலக் காப்பீடு குறித்த உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய அரசு அவற்றை ஏற்கவில்லை. 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கையளித்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் இச்சிக்கலை மீண்டும் எடுத்தது. தொழிலாளரிடையே நோய் எவ்வளவு என்பதைக் காட்டும் புள்ளிவிவரங்கள் திரட்டப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அளவறியாமல் திட்டம் வகுத்தல் இயலாது என்னும் கருத்து முறையானதே. ஆயினும் புள்ளிவிவரம் இல்லை என்பது திட்டம் வேண்டா என்பதற்கும், திட்டம் இல்லை என்பது புள்ளிவிவரம் வேண்டா என்பதற்கும் மாறி மாறிக் காரணமாகிப் பத்தாண்டுகள் கழிந்தன. 1930-களின் இறுதியில் இராசேந்திர பிரசாத் தலைமையிலான கான்பூர்த் தொழிலாளர் விசாரணைக் குழுவும், பம்பாய் நெசவாலைத் தொழிலாளர் விசாரணைக் குழுவும் நோய்க்காலக் காப்பீட்டை வலியுறுத்தின. மாகாணக் குழுக்களின் இவ்வறிக்கைகள் பிற்காலத்தில் மாநில ஆய்வுகள் என்று அழைக்கப்படுவனவற்றின் தொடக்கநிலை வடிவங்கள் ஆகும்.

போர்க்காலமே இத்தேக்கத்தை உடைத்தது. 1943 மார்ச்சில் பேராசிரியர் பி. பி. அடார்க்கரைத் தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்குமாறு இந்திய அரசு பணித்தது. நெசவு, பொறியியல், கனிமமும் உலோகமும் ஆகிய மூன்று தொழில்களைக் கருத்திற்கொண்டு அவர் தம் அறிக்கையை 1944 ஆகத்து 15 அன்று அளித்தார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்களான மாரிஸ் ஸ்டாக், ஆர். ராவ் ஆகிய இருவரும் அவ்வறிக்கையை மதிப்பிட்டு மூன்று முக்கிய மாற்றங்களைக் கூறினர். மூன்று தொழில்கள் என்னும் வரம்பை நீக்கி ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகள் அனைத்தையும் சேர்க்க வேண்டும். மகப்பேற்று உதவியும் விபத்து இழப்பீடும் இத்திட்டத்திலேயே இணைய வேண்டும். மருத்துவ நிருவாகமும் பண உதவி நிருவாகமும் தனித்தனியே இருத்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவது மாற்றமே நெடுங்கால விளைவுடையதாயிற்று. மருத்துவம் மாநில அரசுகளின் கையிலும் பணம் நடுவண் கழகத்தின் கையிலும் பிரிந்து நின்றமைக்கு இதுவே வித்தாகும்.

அதே காலத்தில் பணியாற்றிய போர் குழு 1946-இல் அளித்த அறிக்கையில் வேறொரு பாதையைக் காட்டியது. பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று கூறிய அக்குழு, காப்பீட்டை நாடாமல் வரிப்பணத்தில் இயங்கும் மருத்துவப் பணியையே முன்வைத்தது. அறிக்கைகள் இரண்டனுள் ஒன்றே சட்டமாயிற்று. காப்பீட்டுக்கு ஊதியப் பட்டியலும் முதலாளியும் இருந்தமையால் பணம் திரட்டும் வழி தெளிவாக இருந்தது. போர் குழுவின் திட்டத்திற்கு அத்தகைய வழி இல்லை.

கான்பூரும் தில்லியும்

1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. இ.எஸ்.ஐ. என வழங்கும் கழகமும் அவ்வாண்டு அக்டோபரில் அமைந்தது. ஆனால் முதல் மருந்தகம் திறக்கப்படுவதற்கு மேலும் மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயின. இக்காலத்தாழ்வு வெறும் அலுவலகச் சோம்பலால் நேர்ந்ததன்று. இந்தியா முழுவதிலும் ஒரே நாளில் மருத்துவர்களையும் மருந்தகங்களையும் ஆயத்தம் செய்தல் இயலாது. ஓரிரு நகரங்களில் தொடங்கியே ஆக வேண்டும். எந்த நகரில் தொடங்கினாலும் அந்நகரத்து ஆலையதிபர்கள் எழுப்பிய வினா நியாயமானது. கான்பூர் ஆலை காப்பீட்டுக் கட்டணம் செலுத்த, அகமதாபாத் ஆலை செலுத்தாதிருப்பின், ஒரே சந்தையில் இரண்டின் துணியும் எவ்வாறு போட்டியிடும் என்பதே அவ்வினா. முன்னோட்டப் பகுதியாகத் தெரிவு செய்யப்படுதல் அந்நகரத்து முதலாளிகளுக்குத் தண்டனையாகத் தோன்றியது.

இதற்குக் கண்ட தீர்வு இந்திய மருத்துவக் காப்பீட்டு வரலாற்றிலேயே மிகவும் கூர்மையான நிதி ஏற்பாடு எனலாம். 1951-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முதலாளிகளின் தனிச்சிறப்புக் கட்டணம் ஒன்றைப் புகுத்தியது. திட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் ஊதியத் தொகையில் 1.25 விழுக்காடும், நடைமுறைக்கு வராத பகுதிகளில் 0.75 விழுக்காடும் ஆலைகள் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தொழிலாளரோ திட்டம் வந்த பகுதியில் மட்டுமே தம் பங்கைச் செலுத்தினர். இவற்றுடன் முதல் ஐந்தாண்டுகளுக்கு நிருவாகச் செலவில் மூன்றில் இரு பங்கை நடுவண் அரசு மானியமாக ஏற்பதற்குச் சட்டத்திலேயே இடமிருந்தது. அதாவது இரண்டு நகரங்களின் முன்னோட்டத்திற்கு நாடு முழுவதிலுமுள்ள ஆலைகள் பணம் தந்தன.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரிஜேந்திர சுவரூப் பூங்காவில் ஏறத்தாழ 70,000 பேர் கூடிய கூட்டத்தில் சவகர்லால் நேரு இத்திட்டத்தைத் தொடங்கிவைத்து இந்தியில் உரையாற்றினார். கோவிந்த வல்லப பந்த், செகசீவன் ராம், இராசகுமாரி அம்ரித் கௌர் ஆகியோர் உடனிருந்தனர். தில்லியிலும் அன்றே திட்டம் தொடங்கியது. இரு நகரங்களிலுமாக 1,20,000 தொழிலாளர்கள் சேர்க்கப்பட்டனர். மதிப்புறு முறையில் முதல் காப்பீட்டாளராக நேருவே பதிவு செய்துகொண்டார். விழாவின் பொலிவு ஒருபுறம் இருக்க, அன்று கான்பூர்த் தொழிலாளி பெற்றது என்ன என்பது நோக்கத்தக்கது. மருந்தகமும் மருத்துவரும் மட்டுமின்றி, நோயால் வேலைக்குச் செல்லாத நாள்களுக்கு ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியும் அவருக்கு உரிமையாயிற்று. நோய் என்பது மருத்துவச் செலவு மட்டுமன்று, இழந்த கூலியும் ஆகும் என்னும் உண்மையை 1952-ஆம் ஆண்டுத் திட்டம் ஏற்றிருந்தது. பின்வந்த திட்டங்கள் பலவும் இதனை மறந்தன.

தனிச்சிறப்புக் கட்டணத்தின் மற்றொரு விளைவு சட்டம் இயற்றியோர் முழுதும் கருதாததாக இருக்கக்கூடும். திட்டம் வராத ஊர்களின் ஆலைகள் பணம் செலுத்திக்கொண்டிருந்தன. அவ்வூர்த் தொழிலாளர் பயன் எதனையும் பெறவில்லை. எனவே 'எங்கள் ஊருக்கு எப்போது' என்னும் வினாவை முதலாளி, தொழிலாளி ஆகிய இருதரப்பாரும் எழுப்புவதற்கு உரிமை பிறந்தது. முன்னோட்டத்தின் நிதி ஏற்பாடே அதனை விரிவாக்கும் கடனையும் கழகத்தின்மேல் சுமத்திற்று. 1954-இல் பம்பாய்க்கும் 1955-இல் கோயம்புத்தூருக்கும் கல்கத்தாவுக்கும் திட்டம் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் முறை சற்றே மாறியது. கான்பூரில் கழகத்திற்கென மருந்தகங்கள் இருந்தன. பம்பாயில் தனியார் மருத்துவர்களைப் பட்டியலிட்டு அவர்களிடம் தொழிலாளர் செல்லும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1958-இல் மருத்துவப் பயன் குடும்பத்தார்க்கும் விரிந்தது. கான்பூர் ஆலையதிபர்கள் எந்த நகரின் போட்டிக்கு அஞ்சினரோ அந்த அகமதாபாத்து நகரம் 1964 வரை காத்திருந்தது. மருத்துவப் பொறுப்பை ஏற்பதில் மாநில அரசுகள் காட்டிய தயக்கமே இவ்வாறான காத்திருப்புகளுக்குப் பெரிதும் காரணமாகும். பணம் கழகத்திடமும் மருத்துவமனை மாநிலத்திடமும் இருந்த அந்தப் பழைய பிரிவினை இங்குத் தன் வேலையைக் காட்டியது.

ஆயினும் கான்பூர், தில்லி முன்னோட்டத்தை வெள்ளோட்டம் என்பதற்கு நியாயம் உண்டு. ஒரு நகரின் பட்டறிவு அடுத்த நகரின் அமைப்பை மாற்றியது. விரிவாக்கம் மெதுவாக நடந்தது. அந்த மெதுவே கற்றலுக்கு இடம் தந்தது. அதன் குறை வேறொன்று. ஆலைக்கு வெளியே உழைத்த பெரும்பான்மை மக்கள், அதாவது உழவர், கூலியாள், தறியாளர், மீனவர் ஆகியோர், இத்தேர் செல்லும் வீதியிலேயே இல்லை.

இடைவெளிக்குப் பின்

அடுத்த நாற்பதாண்டுகளில் இத்துறையில் பெருமாற்றம் இல்லை. 1954-இல் தில்லியில் நடுவண் அரசு ஊழியர்க்கென ஒரு மருத்துவத் திட்டம் தொடங்கியது. அதுவும் ஊதியப் பட்டியல் உடையோர்க்கே. அமைப்புசாராத் தொழிலாளர் அரசு மருத்துவமனையை நம்பியிருந்தனர்; அது போதாதபோது கடனை நம்பினர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் கடன் வாங்கியோ உடைமையை விற்றோ செலவைச் சமாளித்தனர் என்று 2002-இல் வெளிவந்த உலக வங்கியின் ஆய்வு நூல் 1990-களின் மாதிரிக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு காட்டியது. இவ்வொரு புள்ளிவிவரம் அடுத்த பத்தாண்டுகளின் திட்ட ஆவணங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. 1931-இல் இல்லாத புள்ளிவிவரம் இப்போது இருந்தது. அதைத் திரட்டி உரைத்தவர் யார் என்பதும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

கர்நாடகத்தில் மைசூர் மாவட்டத்து டி. நரசிபுர வட்டத்தில் 2000-களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் நடந்த சிறு முன்னோட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தன்னார்வ அமைப்பான கருணா அறக்கட்டளையும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனமான நேசனல் இன்சூரன்சும் மாநில அரசும் இதில் இணைந்தன. ஆண்டுக் கட்டணம் ஒருவருக்கு 22 ரூபாய். வறுமைக்கோட்டின் கீழுள்ள பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அக்கட்டணம் முழுவதும் மானியமாக வழங்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் இழந்த கூலிக்கு ஈடாகத் தரப்பட்டது. அரசு மருத்துவமனையில் படுக்கை இலவசம். ஆயினும் கூலி போய்விடும் என்று அஞ்சி ஏழை அங்குச் சேர்வதில்லை என்பதை வகுத்தோர் அறிந்திருந்தனர். கான்பூரில் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த உரிமை அரைநூற்றாண்டுக்குப்பின் ஒரு கர்நாடக வட்டத்தில் வேளாண் கூலிக்குச் சிறிய அளவில் கிடைத்தது. ஆனால் இதன் நிதி வெளியிலிருந்து வந்தது. அந்நிதிக்குக் காலவரம்பு உண்டு. கான்பூரைப் போல 'எங்கள் வட்டத்திற்கு எப்போது' என்று கேட்கும் உரிமை அண்டை வட்டத்தார்க்குப் பிறக்கவில்லை. மாநிலமளாவிய பின்னைய திட்டங்களுள் கூலி ஈடு இடம்பெறவில்லை.

அதே மாநிலத்தில் 2003 சூனில் நடைமுறைக்கு வந்த யசஸ்வினித் திட்டம் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான உழவர்களைத் திரட்டியது. மாதம் 5 ரூபாய் என்னும் கணக்கில் ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்தினால் அறுவை மருத்துவம் இலவசம். முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 இலட்சம் பேர் சேர்ந்தனர். இது சோதனையாகத் தொடங்கவில்லை. முதல் நாளிலேயே மாநிலம் தழுவியது. அறுவை மருத்துவம் மட்டும் என்னும் அதன் வரம்பே பின்வந்தவற்றின் இலக்கணமாயிற்று. காய்ச்சலும் இருமலும் நீரிழிவும் இவ்விலக்கணத்திற்குப் புறம்பாயின.

மூன்று மாவட்டங்கள்

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் முதலமைச்சரின் துயர்துடைப்பு நிதிக்கு மருத்துவ உதவி வேண்டி வந்த விண்ணப்பங்களே ஆரோக்யஸ்ரீத் திட்டத்தின் தோற்றுவாய். 2007 ஏப்ரல் 1 அன்று மகபூப்நகர், அனந்தபூர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் இது முன்னோட்டமாகத் தொடங்கியது. மூன்றும் வறட்சிக்கும் வறுமைக்கும் வேலைதேடி வெளியூர் செல்லும் மக்களுக்கும் பெயர்பெற்றவை. இதயநோய், புற்றுநோய் போன்ற பெருநோய்களுக்கான உயர்நிலை மருத்துவத்தை அரசு செலுத்திய காப்பீட்டுக் கட்டணத்தின்வழி தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம் என்பது அதன் சாரம். 2008 சூலைக்குள், அதாவது பதினைந்து மாதங்களில், ஐந்து கட்டங்களாக அது மாநிலம் முழுவதும் பரவியது.

பதினைந்து மாதங்களில் மூன்று மாவட்டங்களின் பட்டறிவிலிருந்து எதனைக் கற்க முடியும்? மருத்துவமனைகளுக்குப் பணம் சென்று சேர்கிறதா, அட்டை வேலை செய்கிறதா என்பன தெரியும். குடும்பத்தின் கடன் குறைந்ததா, இறப்பு குறைந்ததா என்பன தெரியா. அவற்றை அளக்கும் ஆய்வுகள் பின்னரே வந்தன. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு, முதற்கட்ட மாவட்டங்களில் மருத்துவமனைச் செலவு குறைந்தது என்றும், பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் பிறரளவுக்குப் பயன்பெறவில்லை என்றும் காட்டியது. மூன்று மாவட்டங்களோடு சற்று நின்றிருந்தால் திருத்தத்திற்குப் பயன்பட்டிருக்கக்கூடிய செய்தி இது. அது வெளிவந்தபோது திட்டம் மாநிலம் தழுவி நான்காண்டுகள் ஆகியிருந்தன. 2009 பொதுத்தேர்தலும் முடிந்திருந்தது. அண்டை மாநிலமான தமிழ்நாடு 2009 சூலையில் இதே வகைத் திட்டத்தை மாநிலம் முழுமைக்கும் தொடங்கிவிட்டது. ஆந்திரத்தின் தேரோட்டமே தமிழ்நாட்டுக்கு வெள்ளோட்டமாக அமைந்தது என்று கூறின் அது மிகையாகாது.

கர்நாடக எல்லைக் கிராமங்கள்

நோயாளியின் உயிரையே அளவுகோலாகக் கொண்ட ஆய்வு ஒன்றிற்குக் கர்நாடகம் இடமளித்தது. 2010 பிப்ரவரியில் வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ என்னும் பெயரில் குல்பர்கா (இன்றைய கலபுரகி) வருவாய்க் கோட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கிப் பின்னர்ப் பெல்காம் (இன்றைய பெலகாவி) கோட்டத்திற்கும் சென்றது. பெங்களூருக் கோட்டமும் மைசூர்க் கோட்டமும் 2012 ஆகத்து வரை சேர்க்கப்படவில்லை. காப்பீட்டு நிறுவனத்தை இடையில் வைக்காமல் சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா அறக்கட்டளை என்னும் அரசு அமைப்பே மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் செலுத்தியமை இதன் தனித்தன்மை. கிராமங்களில் மருத்துவ முகாம்கள் நடத்தி நோயாளிகளைக் கண்டறிந்து மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. உலக வங்கியின் கடனுதவி இத்திட்டத்தின் பின்னே நின்றது.

வடபாதி முதலில், தென்பாதி பின்னர் என்னும் இவ்வரிசை நிருவாக வசதிக்காகவும் வடபகுதியின் பின்தங்கிய நிலை கருதியும் அமைந்தது, ஆய்வுக்காக அன்று. ஆயினும் கோட்ட எல்லை ஊர்களுக்கு நடுவே சென்றது. எல்லையின் வடபுறத்தில் பெல்லாரியும் ஹாவேரியும். தென்புறத்தில் தாவணகெரேயும் சித்ரதுர்காவும். எல்லையோரத்தில் இருபுறமும் அதே மண், அதே பயிர், அதே பேச்சு. ஒருபுறத்தில் இதய அறுவைக்கு அரசு பணம் செலுத்தும். மறுபுறத்தில் நிலத்தை விற்க வேண்டும். உலக வங்கியைச் சேர்ந்தோரையும் உள்ளடக்கிய ஆய்வாளர் குழு இவ்வெல்லையையே அளவுகோலாகக் கொண்டது. திட்டம் வந்த 300 கிராமங்களில் 31,476 குடும்பங்களும், வராத 272 கிராமங்களில் 28,633 குடும்பங்களும் ஆய்வுக்கு உட்பட்டன.

2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்த முடிவு வருமாறு: திட்டத்திற்கு உட்பட்ட நோய்களால் நேர்ந்த இறப்பு, வறுமைக்கோட்டின் கீழுள்ள குடும்பங்களில் வடபுறத்தில் 0.32 விழுக்காடு; தென்புறத்தில் 0.90 விழுக்காடு. வறுமைக்கோட்டிற்கு மேலுள்ளோரிடையே, அதாவது இருபுறத்தும் திட்டத்தின் பயன் இல்லாதோரிடையே, அத்தகைய வேறுபாடு இல்லை. உயர்நிலை மருத்துவமனையில் சேர்வதற்குக் குடும்பம் தன் கையிலிருந்து செய்த செலவு 64 விழுக்காடு குறைந்தது. இறப்புகள் குடும்பத்தாரிடம் கேட்டறியப்பட்டவை. எனவே எண்களை இறுக்கமாகப் பற்றுவதற்கில்லை. இத்தனை பெரிய வேறுபாடு இவ்வளவு குறுகிய காலத்தில் இயலுமா என்னும் ஐயமும் எழுவது இயல்பே. ஆயினும் மேலுள்ளோரிடம் வேறுபாடு இன்மை இவ்வாய்வின் வலுவாகும்.

இவ்வெண்களை மறுபுறத்திலிருந்தும் படிக்கலாம். 0.90 என்னும் எண் தென்புறக் கிராமங்களில் இரண்டரை ஆண்டு காத்திருந்தோரின் எண். ஏதேனும் ஒரு பகுதி முதலில் தொடங்கியே ஆக வேண்டும் என்பது உண்மை. எனின் காத்திருத்தலின் விலை யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பது 1952-இல் கேட்கப்பட்டது போல இங்குக் கேட்கப்படவில்லை. அன்று வெளியூர் ஆலையதிபர் பணம் செலுத்திக் காத்திருந்தார். இங்கு வெளியூர் நோயாளி காத்திருந்தார்.

காலக்கணக்கும் நோக்கத்தக்கது. தென்கோட்டங்களுக்குத் திட்டம் 2012-இல் விரிந்தது; ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆய்வு விரிவாக்கத்திற்குக் காரணம் ஆகவில்லை. விரிவாக்கம் நிகழ்ந்தபின் அதற்குச் சான்றாயிற்று. தவறான முடிவு என்று இதனைக் கூற இயலாது. ஆய்வின் முடிவு எதிராக அமைந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு மற்றொரு கர்நாடக ஆய்வு விடை தருகிறது.

கேட்கப்படாத வினா

ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஐவர் கொண்ட ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு. குடும்பம் செலுத்துவது 30 ரூபாய் பதிவுக் கட்டணம். காப்பீட்டுக் கட்டணத்தில் நடுவண் அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் சம்மு காசுமீருக்கும் இப்பங்கு 90, 10 என அமைந்தது. மருத்துவமனையில் சேராது மருந்து மட்டும் வாங்கும் நோயாளிக்கு இதில் இடமில்லை. இக்குறையைப் போக்குவதற்கு ஒடிசாவின் பூரி மாவட்டத்திலும் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்திலும் 2011-இல் வெளிநோயாளர் காப்பீட்டு முன்னோட்டங்கள் நடந்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஒரு தனியார் வங்கியின் அறக்கட்டளையும் அவற்றிற்குத் துணைநின்றன. ஏழையின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி வெளிநோயாளர் மருத்துவத்திற்கும் மருந்துக்கும் உரியது என்பதால் இம்முன்னோட்டங்களே உண்மையில் மிகவும் வேண்டப்பட்டவை. அவை நாடளாவிய திட்டத்திற்குள் வரவில்லை. 2018-இல் இத்திட்டத்தின் இடத்திற்கு வந்த பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டமும் மருத்துவமனையில் சேர்வோருக்கே உரியதாக அமைந்தது.

திட்டக்குழு 2010-இல் அமைத்த உயர்நிலை வல்லுநர் குழு கே. சீனாத் ரெட்டியின் தலைமையில் 2011-இல் அளித்த அறிக்கை காப்பீட்டு நிறுவனங்களை இடையில் வைத்தல் வேண்டா என்றும் பொது வரிவருவாயே அடிப்படையாக வேண்டும் என்றும் கூறியது. இது போர் குழுவின் குரல் அறுபத்தைந்தாண்டுகளுக்குப்பின் மீண்டும் எழுந்ததாகும். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் மாநிலங்களில் அனைவர்க்கும் நலவாழ்வு முன்னோட்டங்களுக்கு இடந்தந்தது. அவ்வழியில் தமிழ்நாட்டில் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணைச் சுகாதார நிலையங்களை வலுப்படுத்திச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுத் துணையுடன் ஒரு முன்னோட்டம் நடந்தது. காப்பீட்டு அட்டையின்றி ஊரிலேயே மருந்து கிடைக்கச் செய்தல் அதன் வழி. வெளிநோயாளர் தனியாரிடமிருந்து அரசு நிலையங்களுக்குத் திரும்பியமை அதில் அறியப்பட்டது. அட்டையின் புகழ் அதற்குக் கிட்டவில்லை.

இனி முன்சொன்ன மற்றொரு கர்நாடக ஆய்வு. ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா வறுமைக்கோட்டிற்குச் சற்று மேலுள்ளோர்க்கும் விரிக்கப்பட்டால் என்ன பயன் விளையும் என்பதை அறிய, குல்பர்கா, மைசூர் மாவட்டங்களின் 435 கிராமங்களில் 10,879 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடத்தப்பட்டது. பல்கலைக்கழகங்களும் அறக்கொடை அமைப்புகளும் அதற்கு நிதி தந்தன. சிலர்க்கு அட்டை இலவசம், சிலர்க்கு விலைக்கு, சிலர்க்கு விலையும் அதற்கு ஈடான பணமும், எஞ்சியோர்க்கு எதுவுமில்லை. இலவசமாகத் தந்தபோது 79 விழுக்காட்டினரும் விலைக்குத் தந்தபோது 60 விழுக்காட்டினரும் சேர்ந்தனர். விலை கொடுத்தும் இத்தனைபேர் சேர்ந்தமை எதிர்பாராதது. மருத்துவமனைப் பயன்பாடு சற்றே கூடியது. உடல்நல அளவைகள் பலவற்றுள் மிகச் சிலவற்றில் மட்டுமே வேறுபாடு காணப்பட்டது. அட்டையைப் பயன்படுத்த முயன்று இயலாது போனோர் பலர். மருத்துவமனைக்குச் சென்றபோது அட்டையைக் கொண்டுசெல்ல மறந்தோரும் உண்டு, கொண்டுசென்றும் ஏற்கப்படாதோரும் உண்டு.

இதுவே முறைப்படி அமைந்த வெள்ளோட்டம். குடும்பங்களின் தெரிவு, காலம், அளவை ஆகிய யாவும் முன்கூட்டியே வகுக்கப்பட்டன. அச்சில் எங்கே கீறல் என்பதையும் அது காட்டியது. அதன் இறுதிக் கணக்கெடுப்பு 2018-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிவைக்கப்பட்டது, 10.74 கோடிக் குடும்பங்கள், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய். ஆய்வின் முடிவு 2021 திசம்பரில் வெளிவந்தபோது, கலபுரகி, மைசூர்க் கிராமங்களின் வீடுகளில் இருந்த அந்த அட்டைகள் செல்லாதவையாகி மூன்றாண்டுகள் கடந்திருந்தன.